ழகரத்தைக் குப்பியில் அடைத்த மாயாவி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். மழையைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வரும்.

அங்கே மலை உச்சியில் நெடுங்கரன் என்ற மாயாவி இருந்தான். ஒருநாள் அவன் மந்திரம் போட்டு, எல்லோர் நாவிலும் இருந்த 'ழ' என்ற எழுத்தை உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக்கொண்டான்.

அரசர் கூப்பிட்டுப் பார்த்தார்; நாக்கு ஒட்டிக்கொண்டது. அமைச்சர் கூப்பிட்டுப் பார்த்தார், நாக்கு ஒட்டிக்கொண்டது. புலவர் கூப்பிட்டுப் பார்த்தார்; அவர் நாக்கும் ஒட்டிக்கொண்டது. குளம் வற்றியது, கிணறு வற்றியது, மாடுகளின் கண்களும் வறண்டன.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தந்தவள் எழிலி. அவளிடம் படித்த நாலு வயது வஞ்சி வானத்தைப் பார்த்து, "மயை வா, மயை வா" என்றாள். எழிலி அதைக் கேட்டு யோசித்தாள். இந்தப் பிள்ளைகள் அந்த எழுத்தை இன்னும் கற்கவே இல்லை. இவர்களிடமிருந்து மாயாவி எதைப் பறித்திருக்க முடியும்?

ஆனால் தன் வாயில் வராத எழுத்தை எப்படிச் சொல்லித் தருவது? வாய்தான் மறந்திருந்தது. கையும் காலும் மறக்கவில்லை.

பிள்ளைகளைக் காய்ந்த ஆற்று மணலுக்கு அழைத்துப் போனாள். "என் பின்னாலேயே வாங்க" என்று இறங்கி, திரும்பி, ஏறி, வளைந்து, கடைசியில் வால் போலச் சுழித்து நடந்தாள். மாயக் காற்று வந்து அவள் காலடியை அழித்தது. பிள்ளைகளின் காலடியை அதனால் தொட முடியவில்லை. மணலில் பெரிய 'ழ' ஒன்று கிடந்தது.

பிறகு களிமண்ணைத் திரித்து அதே எழுத்தைச் செய்யச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் மேலண்ணத்திலும், உள்ளே தள்ளி, ஒரு சொட்டுத் தேன் தடவினாள்.

"நாக்கை மடிச்சு அதைத் தொடுங்க. தொட்டும் தொடாம சத்தம் போடுங்க."

"மயை" என்றாள் வஞ்சி.

"இன்னும் உள்ளே."

"மளை."

"இன்னும் கொஞ்சம்."

"மழை."

ஒரே ஒரு துளி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அடுத்த நொடி புகை சூழ நெடுங்கரன் வந்து நின்றான். "யார் சொன்னது?"

எழிலி பிள்ளைகளை மறைத்துக்கொண்டாள். அவள் முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து வஞ்சி சொன்னாள்: "நான்தான். நீங்க சொல்லுங்க பார்க்கலாம்."

மாயாவி இடுப்பில் செருகியிருந்த குப்பியைக் கையால் மூடிக்கொண்டான். "எனக்கு வராது" என்றான். "சின்ன வயசில் சொல்லிப் பார்த்தேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் நான் வாயைத் திறக்கவே இல்லை."

எழிலிக்குப் பயம் போகவில்லை. இருந்தாலும் தேன் கிண்ணத்தை நீட்டினாள். "உட்காருங்க ஐயா. இங்கே யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவன் மணலில் உட்கார்ந்து தேன் தடவிக்கொண்டான். "மயை" என்றான். யாரும் சிரிக்கவில்லை. "மளை" என்றான். "நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் வஞ்சி. அவன் கண்ணை மூடி, நாக்கை மெல்ல மடித்தான்.

"மழை."

குப்பி தானாக விரிசல் விட்டு உடைந்தது. ஊர் முழுக்க நாவுகள் அவிழ்ந்தன. வானம் இருண்டு, கொட்டித் தீர்த்தது.

அரசர் எழிலிக்கு ஊர் நடுவே பெரிய பள்ளிக்கூடம் கட்டித் தந்தார். மாயாவியைச் சிறையில் போட வேண்டுமென்றார். எழிலி, "அவரை என் பள்ளிக்கு அனுப்புங்க அரசே" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நெடுங்கரன் வந்து கடைசி வரிசையில் தயங்கி நின்றான். "எனக்கு 'ற'வும் சரியா வராது" என்றான் மெதுவாக.

வஞ்சி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.