செந்நாய் எடுத்துக் கொடுத்த வசனம்

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை மாலை ஐந்து மணி. முப்பத்தொரு ஆடுகள் முள்வேலிக்குள் குடியிருந்த ஒரு காட்டில், போதகர் ஞானாபரணம் என்ற இருவாச்சிப் பறவை மறுநாள் பிரசங்கத்துக்கு வசனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

குழந்தைகளே, மறுநாள் சாதாரண ஞாயிறு அல்ல, மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று போதகர் தருகிற வசனமே அந்த மாதம் முழுவதும் சபைக்கு வாக்குத்தத்தம். ஆடுகள் அதை நம்பித்தான் நடக்கும்.

போதகருக்கு அந்த வாரம் வேலை அதிகம். வெள்ளிக்கிழமை மேடை அலங்காரத்தைப் பார்வையிட்டார். சனிக்கிழமை காலை குரலைப் பழக்கினார். மதியம் அத்திப்பழம் தின்றார். தின்ற களைப்பு தீரத் தூங்கினார். வேதத்தை வாசிக்க மட்டும் நேரம் அமையவில்லை. வேதப்புத்தகம் அவரிடம் இல்லாமல் இல்லை. தூசு படியாதபடி உறை தைத்துப் போட்டு, மேல்கிளையில் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்போது செந்நாய் சாந்தகுமார் வந்தது. மனந்திரும்பிவிட்டதாகச் சாட்சி சொல்லி, கிறிஸ்துமஸ் சமயத்தில் சபையில் சேர்ந்த செந்நாய் அது. கடைசி வரிசையில் உட்காரும். எதற்கும் முதலில் ஆமென் சொல்லும்.

"ஐயா முகம் வாடியிருக்கிறதே?"

"வசனம் அமையவில்லை, தம்பி."

"உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்? நான் எடுத்துத் தருகிறேன். மதில் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கதவும் இல்லை, நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள். வேதத்தில் உள்ளதுதான்."

போதகர் கண்களை மூடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மூன்று 'இல்லை' வருகிறது. மூன்று குறிப்பு. பிரசங்கம் தானாகவே அமைந்துவிட்டதே."

"முன்னே பின்னே இரண்டு வரி வாசித்துப் பார்க்கிறீர்களா?" என்று செந்நாய் மரியாதைக்குக் கேட்டது.

"வசனம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு?"

"அதுவும் சரிதான்," என்றது செந்நாய்.

ஞாயிறு காலை போதகர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முதல் குறிப்புக்குத் தன் பறந்த அனுபவத்தைச் சொன்னார். இரண்டாம் குறிப்புக்கு அழுதார். மூன்றாம் குறிப்பில், "இந்த வேலி முள்ளால் ஆனதல்ல, நம் அவிசுவாசத்தால் ஆனது. இன்றே பிடுங்குவோம்," என்றார்.

"ஆமென்," என்றது கடைசி வரிசை.

கிருபாவதி என்ற வெள்ளாடு எழுந்து நின்றது. அதன் குட்டி வியாழக்கிழமைதான் பிறந்தது. நின்றால் கால் நடுங்கும், ஓடத் தெரியாது.

"ஐயா, ஒரு சந்தேகம். இதைச் சொன்னது யார்?"

"வேதம் சொல்கிறது."

"வேதத்தில் யார் சொல்கிறார்?"

ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. சபைச் செயலர் கிடா ஆசீர்வாதம் கனைத்தது. "கிருபாவதி, பிரசங்கத்தின் நடுவே கேள்வி கேட்கிற வழக்கம் நம் சபையில் இல்லை."

"சரி அண்ணே. இன்னும் ஒன்றே ஒன்று. நம் போதகரம்மா முட்டையோடு மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு இருக்கிறார்களே. ஐயா பழம் ஊட்ட ஒரு கீறல்தான் விட்டிருக்கிறது. அது மதில் இல்லையா?"

எங்கோ ஓர் ஆடு சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டது.

"அது மதில் அல்ல," என்றார் போதகர். "அது எங்கள் குடும்ப வழக்கம்."

"ஆமென்," என்றது செந்நாய்.

அன்று மதியமே வேலியைப் பிடுங்கினார்கள். வேலிக் கதவின் தாழ்ப்பாளைச் செந்நாய் தன் வாயாலேயே கழற்றியது. திருப்பணியில் அதற்கு இருந்த ஆர்வத்தைச் செயலர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டியது. கிருபாவதி மட்டும் குவியலிலிருந்து ஒரு முட்கிளையைக் கவ்வி, போதகரின் மரத்தடிக்கு இழுத்துப் போனது. அங்கே வேரடியில் ஒரு பொந்து இருந்தது.

"எதற்கு இது?" என்றது கிடா.

"போதகர் வீட்டு வழக்கம், அண்ணே. நானும் பழகிப் பார்க்கிறேன்."

"உனக்கு விசுவாசம் போதாது."

"குட்டிக்குக் கால் போதாதே, அண்ணே."

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சாந்தகுமார் தன் உறவினர் ஒன்பது பேரைச் சபைக்கு அழைத்து வந்தது. மதில் இல்லாததால் அவர்கள் சுற்றி வர வேண்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாததால் நேரம் வீணாகவில்லை. கதவு இல்லாததால் தட்டவும் இல்லை. போதகர் உச்சிக்கிளைக்குப் பறந்து ஜெபித்தார். அன்று அவர் குரல் மிக நன்றாக இருந்தது.

வேரடிப் பொந்தில் ஒரு செந்நாய் மூக்கை நுழைத்தது. முள் தைத்தது. சுற்றிலும் சுலபமான ஆடுகள் இருந்ததால் அது போய்விட்டது.

வெயில் ஏறியபோது ஏழு ஆடுகள் இல்லை. செயலரும் இல்லை என்பதால், எண்ணிக்கையைப் பதிய யாரும் இல்லை. கிருபாவதி முள்ளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் குட்டி தள்ளாடி வந்தது.

போதகர் கீழ்க்கிளைக்கு இறங்கினார். "பார்த்தாயா கிருபாவதி, என் ஜெபம் உன் குட்டியைக் காத்தது."

"உங்கள் பிரசங்கத்தைக் கேட்டேன் ஐயா. அப்புறம் உங்கள் வீட்டைப் பார்த்தேன். வீட்டை நம்பினேன்."

போதகர் சிறகைக் கோதிக்கொண்டார்.

"இப்போதாவது சொல்லுங்கள். அதைச் சொன்னது யார்?"

மிச்சமிருந்த ஆடுகள் மரத்தைச் சுற்றி வந்து நின்றன. வேறு வழியில்லாமல் போதகர் மேல்கிளையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தார். உறையைக் கழற்றவே வெகுநேரம் ஆயிற்று. ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்து, ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்தார். முந்தின வரியை வாசித்தார். அதற்கும் முந்தினதை வாசித்தார்.

"கொள்ளையிட வருகிறவன் பேசுகிறான்," என்றார் மெல்ல. "மதில் இல்லாத ஊர், தாழ்ப்பாளும் கதவும் இல்லாத ஜனங்கள், போய் விழுந்து பறிக்கலாம் என்று அவன் தன் மனதுக்குள் திட்டம் போடுகிறான்."

"சாந்தகுமார் அதை முழுவதும் வாசித்திருக்கிறான்," என்றது கிருபாவதி. "இந்தச் சபையில் வேதம் வாசித்தவன் அவன் ஒருவன்தான்."

போதகர் தொண்டையைச் செருமினார். "ஆனாலும் மூன்று குறிப்பும் அழகாகத்தான் அமைந்தன," என்றார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி அடுத்த மாத வாக்குத்தத்த ஆராதனை நடந்தது. கிருபாவதியும் குட்டியும் வரவில்லை. வசனத்தை எடுத்துக் கொடுத்தது, சபையில் புதிதாகச் சேர்ந்த கழுதைப்புலி.

நீதி: வேதத்தைத் தானே வாசித்து ஆராயாமல் மேடை ஏறும் போதகர், தனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவனுடைய செய்தியையே பிரசங்கிக்கிறார்.