துரை கேட்ட நன்ஷன்

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நாத்தனார் எஸ்தர் சொன்ன கதை இது.

குன்னூர் தேயிலைத் தோட்டத்து இங்கிலீஷ்காரத் துரை, விருந்தாளிகள் முன்னால் சமையல்காரர் பாக்கியமுத்துவை மிரட்டினார். "எங்க ஊர்ல நன்ஷன்னு ஒரு சொல். ஆதியில உச்சிவேளைப் பானம்; அப்புறம் அந்நேரத்துச் சாப்பாடுன்னு மாறிச்சு. இப்போ செத்தே போச்சு. ரெண்டும் ஒரே பாத்திரத்துல வரணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"அதை யாருக்குங்க துரை கொடுப்பாங்க?"

"வயல்ல அறுக்கிறவனுக்கு."

பாக்கியமுத்து தனக்கென்று கரைத்து வைத்திருந்த கம்பங்கூழை ஒரு செம்பில் கொண்டுவந்தார். "குடிச்சா பானம், உள்ளே போனா சாப்பாடு. உங்க ஊர்லதாங்க அது செத்துப்போச்சு. நாங்க தினமும் குடிக்கிறோம்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். துரை ஒரு மடக்கு குடித்தார். பிறகு செம்பைக் கீழே வைக்கவே இல்லையாம்.

கர்த்தர் நமக்குப் படியளக்கிறார். உச்சிவெயிலில் வாசலுக்கு வருகிறவருக்கு நீங்களும் ஒரு செம்பு கூழ் கொடுங்க.