நான்காம் அடி வருவதற்குள்

பறவைகளெல்லாம் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரை ஆலமரத்தில் குடியேற ஒரே ஒரு நிபந்தனைதான். எதைச் சொன்னாலும் நான்கு அடிப் பாட்டாகச் சொல்ல வேண்டும்; நான்கும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். அரைகுறைப் பாட்டை வெளியே விட்டால் அவமானம். தண்ணீர் கேட்டாலும் பாட்டு, சண்டை போட்டாலும் பாட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும், போங்கள்.

காகத்துக்கு மட்டும் அது வரவே இல்லை. தலைகீழாக நின்றாலும் ஒத்த ஓசையில் அடுத்த சொல் கிடைக்காது. ஒருநாள், "மழை வருது, உள்ளே போங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டது. மரமே முகம் சுளித்தது. காகம் எதிர் வேம்புக்குத் தனியாகக் குடிபோனது.

ஆண்குயிலோ பாட்டில் புலி. அதனால் மரத்தின் காவலையும் அதனிடமே கொடுத்திருந்தார்கள். அப்போதெல்லாம் குயிலும் கூடு கட்டும். கீழ்க்கிளையில் அதன் கூடு, உள்ளே மூன்று முட்டைகள். அந்தத் தம்பதிக்கு அவைதான் முதல் முட்டைகள்.

ஒரு பகலில் பெண்குயில் இரைதேடப் போயிருந்தது. பாம்பொன்று அடிமரத்தில் ஏறுவதை ஆண்குயில் பார்த்துவிட்டது. மனசுக்குள் மளமளவென்று மூன்று அடி வந்து விழுந்தன.

வேரைச் சுற்றி மெல்ல ஒண்ணு ஏறுது,
வாலு இன்னும் மண்ணைத் தொட்டுக் கீறுது,
நாக்கு ரெண்டா வெளியில் வந்து சீறுது...

நான்காவது வரவில்லை. 'நாறுது' போடலாமா? பாம்பு எங்கே நாறுகிறது? 'ஆறுது'? என்ன ஆறுகிறது? அதற்குள் பாம்பு கீழ்க்கிளையை எட்டிவிட்டது. ஆனாலும் குயில் வாய் திறக்கவில்லையே, பாவி!

"பாம்பு! பாம்பு! கீழ்க்கிளையைப் பாருங்க!" என்று எதிர் வேம்பிலிருந்து காகம் கத்தியது. ஓசையாவது ஒன்றாவது. மரமே திரண்டு வந்து பாம்பைக் கொத்தி விரட்டியது. மேலே இருந்த கூடுகள் எல்லாம் தப்பின. குயிலின் கூடு மட்டும் அதற்குள் காலியாகிவிட்டது.

பெண்குயில் திரும்பி வந்து கூட்டைப் பார்த்தது.

"நீங்க பாம்பைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூணு அடி வந்துடுச்சு. நாலாவதுதான்..."

பெண்குயில் வெகுநேரம் அழுதது. பிறகு, "அந்த மூணையும் பாடுங்க, கேட்கிறேன்" என்றது. ஆண்குயில் பாடியது. ஒருமுறை கேட்டதுமே மரம் முழுவதற்கும் மனப்பாடம். காகம் கத்தியதையோ சாயங்காலத்துக்குள் எல்லாரும் மறந்துவிட்டார்கள். காப்பாற்றிய சொல் ஏன் மனசில் தங்கவில்லை? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுபடி முட்டையிடும் நாள் வந்தபோது பெண்குயில் வேம்பைப் பார்த்துக் கிளம்பியது.

"எங்கே போறே?"

"உங்க பாட்டுன்னா எனக்கு உயிர். ஆனா அதை நம்பிப் பிள்ளைங்களை விட மாட்டேன். கண்டதைக் கண்டபடி கத்துற வீட்டில்தான் விடுவேன்."



அன்று முதல்தான், குயில் பாட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு முட்டையைக் காகத்தின் கூட்டில் வைக்கிறது.