பேச்சியம்மாளின் சம்பளம்

"பொருளாதாரம் படிச்சா போட்ட காசு திரும்பி வருமா, மிஸ்?"

பேச்சியம்மாள் இன்னும் உட்காரக்கூட இல்லை. சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேரே தூத்துக்குடியில் தான் படித்த கல்லூரிக்கு வந்திருந்தாள்.

ஆசிரியர் அறையில் பெனடிக்டா மிஸ் மட்டும் இருந்தார். அவளுக்குப் பொருளாதாரத்தைப் பிடிக்க வைத்தவர். "எம்.ஏ.வும் படி, விட்டுராத" என்று சொன்னவர்.

"யாருக்காகக் கேக்கே?" என்றார் மிஸ்.

"தங்கச்சி முத்துமாரிக்கு. நான் எம்.ஏ. படிச்ச அதே இடத்துல அவளுக்கும் சீட் கிடைச்சிருக்கு. பேங்க்ல ஏழு லட்சம் லோன் கேட்டிருக்கா. அப்பா உப்பளத்துல வாங்குற கூலியை நம்பிக் கொடுக்க மாட்டாங்களாம். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க."

"போட வேண்டியதுதானே?"

பேச்சியம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பஸ்ஸில் எழுதியது, எழுத்து ஆடியிருந்தது.

மிஸ் நிதானமாக வாசித்தார். எம்.ஏ.வுக்கு அவள் வாங்கிய கடன் ஆறு லட்சம். வேலை தேடி அலைந்த காலத்து வட்டியும் சேர்ந்து ஏழே கால். மாதத் தவணை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஹாஸ்டலுக்கு ஆறாயிரம். சம்பளம் பதினாறாயிரம்.

"என்ன வேலை பாக்கே?"

"கஸ்டமர் கேர், மிஸ். போன்ல திட்டு வாங்குற வேலை. படிச்ச படிப்பை, சேரும்போது ஃபார்ம்ல எழுதினதோட சரி."

"கணக்கு சரியாத்தான் இருக்கு. தங்கச்சி இதைப் பார்த்தாளா?"

பேச்சியம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல எவ்வளவுன்னு சொல்லி வச்சிருக்கே?"

"முப்பத்தெட்டாயிரம்."

மிஸ் தாளைக் கீழே வைத்தார்.

"அப்பா ஊர் முழுக்கச் சொல்லிட்டாரு, மிஸ். உப்பளத்துல, டீக்கடையில, ஒரு இடம் பாக்கியில்ல. மூணு வருஷமாச்சு. இப்ப பேங்க்ல என் சம்பளச் சீட்டைக் கேக்குறாங்க. திங்கக்கிழமை கடைசி நாள். காட்டினா என் பொய் தெரிஞ்சிரும். காட்டலைன்னா அவ படிப்பு போச்சுன்னு அழுவா. ஒரு வழி சொல்லுங்க."



மிஸ் மேஜை டிராயரை இழுத்துக் கைப்பையை எடுத்தார். உள்ளே துழாவி, மடித்திருந்த காகிதம் ஒன்றை அவள் பக்கமாகத் தள்ளினார்.

அது மிஸ்ஸின் சம்பளச் சீட்டு.

பேச்சியம்மாள் தேதியைப் பார்த்தாள். போன மாதம்தான். பெயரைப் பார்த்தாள். மறுபடி தொகையைப் பார்த்தாள்.

பதினேழாயிரத்து இருநூறு.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினாலு."

கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டிய அந்தச் சேலையை அவள் முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள். முந்தானை ஓரத்தில் கிழிசலை இழை எடுத்துத் தைத்திருந்தது.

"செகண்ட் இயர் படிக்கும்போது இதே ரூம்ல நின்னு என்கிட்ட ஒண்ணு கேட்டே. ஞாபகம் இருக்கா?"

"இல்ல மிஸ்."

"இதைப் படிச்சா உங்கள மாதிரி ஆகலாமான்னு கேட்டே. ஆகலாம்னு சொன்னேன். எவ்வளவு சம்பளம்னு நீ கேக்கலை. நானும் சொல்லலை."

சற்றுப் பொறுத்து, "ஆயிட்டே," என்றார்.

பேச்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் படிப்பில் சேர்ந்து ஒன்பது வருஷம். கத்திவிடத்தான் வாயைத் திறந்தாள்.

போன தீபாவளிக்கு அவள் வாங்கிப் போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு முத்துமாரி கண்ணாடி முன்னால் நின்றது அப்போது கண்ணில் வந்தது. "படிச்சா நானும் உன்ன மாதிரி ஆயிருவேன்லக்கா?" என்று அவள் கேட்டதும், தான் சிரித்துக்கொண்டே தலையாட்டியதும்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வகுப்புக்கு பெல் அடித்தது. மிஸ் எழுந்து போகவில்லை.

பேச்சியம்மாள் போனை எடுத்தாள்.

"அக்கா! ஊருக்கு வந்துட்டியா? பேங்க்லருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. சீட்டு கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன். பதினாறாயிரம்."

"என்ன பதினாறாயிரம்?"

"என் சம்பளம். சேர்ந்த நாள்லருந்தே அதுக்கு மேல இல்ல."

அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது. அம்மா யாரோடோ தண்ணீர் லாரிக்குச் சண்டை போடுவது கேட்டது. முத்துமாரியும் பொருளாதாரம் படித்தவள்தான். அக்காவின் தவணை எவ்வளவு, ஹாஸ்டல் வாடகை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப," என்று மெல்ல ஆரம்பித்தாள். "மாசாமாசம் நீ வீட்டுக்கு அனுப்புற அஞ்சாயிரம்?"

பேச்சியம்மாள் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அதுவும் கடன்தான்," என்றாள்.