காத்தாயி விட்ட கொட்டாவி

கை ஓடணும், அப்பதான் கதை ஓடும். புளியங்கொட்டை எல்லாம் இந்தச் சொளவுல, நாரு அந்தப் பக்கம். எவனாவது புளியை எடுத்து வாயில போட்டீங்க, கதை அத்தோட நின்னுபோகும், சொல்லிட்டேன். ஏலே சுருளி, என்னடா அதுக்குள்ள கொட்டாவி? ஒரு கை புளிகூட உரிக்கலை, துரைக்குத் தூக்கம் வந்துருச்சோ? சரி, விட்டதுதான் விட்டே, கொட்டாவிக் கதையே சொல்றேன், கேளு.

மலையடிவாரத்துல ஒரு ஊரு, அந்த ஊருல ஒரு ராசா. ராசா நல்லவருதான், ஆனா மூக்கு நுனியில கோவம். அவரு ஆண்ட காலத்துல ஒரு பஞ்சம் வந்துச்சு. வானம் பொய்ச்சு, கிணறு வத்தி, ஊரே எலும்பும் தோலுமா ஆயிப்போச்சு. ராசா தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு ஒரு படி கம்புன்னு அளந்து கொடுக்கச் சொன்னாரு.

அந்த ஊருல படி அளக்குறதுக்கு ஒரு முறை இருந்துச்சு. ராசாவோட பாட்டன் வெச்ச முறை. கண்ணு தெரியாதவங்கதான் படியைத் தொடணும். ஏன்னு கேளு. கண்ணு தெரிஞ்சவன் என்ன செய்வான்? மச்சினனைக் கண்டா குவிச்சு அளப்பான், பங்காளியைக் கண்டா படிக்குள்ள கட்டைவிரலை விட்டு அளப்பான். கண்ணு தெரியாதவங்களுக்கு மச்சினன் ஏது, பங்காளி ஏது? வரிசையில நிக்கிறவங்களும் வாயைத் திறந்து பேசக் கூடாது. குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுருவாங்கல்ல? பேசாம வரணும், பையை விரிக்கணும், வாங்கிட்டுப் போகணும். பேசினா அன்னிக்குக் கம்பு கிடையாது.

அப்படி அளந்துக்கிட்டு இருந்தவதான் காத்தாயி. பொறவியிலயே கண்ணு தெரியாது. புருசன் பஞ்சம் பொழைக்கத் தெக்க போயிட்டான், போனவன் போனவன்தான். மடியில கைக்குழந்தை. களஞ்சியத்துல அளக்குறதுக்குக் கூலியா அவளுக்கும் ஒரு படி, அதைக் கூழாக் காய்ச்சிக் குடிச்சுத்தான் புள்ளைக்குப் பாலு. எல்லாருக்கும் ஒரே அளவு. படியோட தலையை அவ தடவி வழிச்சான்னா ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது.

ஒருநா ராசா ராத்திரி பூரா வேட்டையாடிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா களஞ்சியத்துக்கு வந்தாரு. யாருகிட்டயும் சொல்லலை, கொம்பு ஊதலை, திடுதிப்புன்னு வந்து காத்தாயி எதிர்ல நின்னாரு. வரிசை பூரா மூச்சுக் காட்டலை. காத்தாயி ரெண்டு கையிலயும் படியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா, அப்படியே வாயைத் தொறந்து “ஆ...வ்”னு ஒரு கொட்டாவி விட்டா. ராசா மூஞ்சிக்கு நேரா!

வாசல்ல மாயழகுன்னு ஒருத்தன் உக்காந்திருந்தான். எந்த ஊருன்னே தெரியாது, கையில ஒரு கோலு, கண்ணை மேல சொருகிக்கிட்டு, “கண்ணில்லாத பாவி, தருமம் போடுங்க”ன்னு கொஞ்ச நாளா சுத்திக்கிட்டு இருந்தவன். அவன் கத்தினான், “அய்யய்யோ! ராசா மூஞ்சியில கொட்டாவி விடுறாளே! கையை வெச்சு வாயைக்கூட மூடலையே! இதைவிட அவமரியாதை உண்டா?”

அவ்வளவுதான், ராசாவுக்கு ஏறிப்போச்சு.

“என் கம்பைத் தின்னுட்டு என் மூஞ்சியிலயே கொட்டாவியா? நான் என்ன உனக்குச் சலிச்சுப்போயிட்டேனா?”

காத்தாயி படியோட எந்திரிச்சுட்டா. “ராசாவா? நீங்க வந்தது எனக்குத் தெரியாது ராசா. வேணும்னு விடலை, தானா வந்துச்சு.”

“தானா வருமாம்! இனிமே நீ படியைத் தொடக் கூடாது. உனக்கு இந்தக் களஞ்சியத்துல ஒரு மணி கம்பு கிடையாது. போ வெளியே!”

வரிசையில அத்தனை பேரு நின்னாங்க. ஒருத்தர் வாயைத் திறக்கலை. கம்பு போயிருமேன்னு ஒரு பயம், ராசாவைக் கண்டு ஒரு பயம். காத்தாயி புள்ளையைத் தூக்கிக்கிட்டு, செவுத்தைத் தடவித் தடவி வெளியே போனா.

அவ இடத்துக்கு யாரு வந்தா? வேற யாரு, மாயழகுதான். “நானும் கண்ணில்லாதவன்தான் ராசா”ன்னு கோலைத் தட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டான்.

அவன் உக்காந்த அன்னையிலேருந்து பாரு, அளவு மாறிப்போச்சு. சாயங்காலம் அவன் குடிசைக்கு ஒரு கோழியோ ஒரு குடம் மோரோ கொண்டுபோயி வெச்சவங்களுக்குப் படி குவியும். ஒண்ணும் கொடுக்க வக்கில்லாத சனத்துக்குக் கட்டைவிரலு உள்ள போயிரும். சனம் ராசாகிட்ட போய் அழுதுச்சு. ராசா என்ன சொன்னாரு? “போங்கய்யா! கண்ணே தெரியாதவன் ஆளு பாத்தா அளப்பான்? உங்க பேராசைக்கு அவன் மேல பழி போடாதீங்க.”

நியாயம்தானே? கண்ணு தெரியாதவனை எப்படிக் குத்தம் சொல்றது?

ஏய் வடிவு, நீ என்ன இப்ப? உனக்கும் ஒட்டிருச்சா? வாயை மூடு, ஈ போயிரும். என் மடியில கிடக்குற பொடிப்பயலைப் பாரு, நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விடுறீங்க, அவன் பாட்டுக்கு முழிச்சுக்கிட்டுக் கெடக்கான். சின்னஞ்சிறுசுக்கு அடுத்தவன் கொட்டாவி ஒட்டாது. நாலஞ்சு வயசு ஆகணும், அதுக்கு அப்புறம்தான் பிடிக்கும்.

இப்ப ஒச்சப்பன் வர்றான். ஒச்சப்பன் அந்த ஊரு சோம்பேறி. உக்காந்தா கொட்டாவி, நின்னா கொட்டாவி, நடந்தா கொட்டாவி. அவனைக் களத்து வேலைக்கு எவனும் கூப்பிட மாட்டான். ஏன்னா அவன் ஒண்ணு விட்டா, பக்கத்துல நிக்கிறவன் ஒண்ணு விடுவான், அவனைப் பாத்து இன்னொருத்தன் விடுவான், கடைசியில களமே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். வேலை படுத்துரும். “போடா கொட்டாவி”ன்னு அடிச்சு வெரட்டுவாங்க. ஆனா காத்தாயி மட்டும் சோம்பேறிக்கு எதுக்குன்னு ஒரு மணி குறைச்சதில்லை. அதை அவன் மறக்கலை. தனக்குக் கெடைக்குற கம்புல பாதியை அவ குடிசையில கொண்டுபோயிக் கொட்டிட்டு வருவான். அந்தப் பாதியும் மாயழகு விரலு போன பாதி. புள்ளைக்குப் பாலு பத்தலை, அழக்கூடத் தெம்பில்லாம சிணுங்கிக்கிட்டுக் கெடந்துச்சு.

ஒருநா ஒச்சப்பன் வரிசையில முன்னால போயிப் பையை விரிச்சான். பேசக் கூடாதுல்ல, அதனால சத்தமே இல்லாம ஒரு கொட்டாவி விட்டான். மாயழகும் விட்டான். ஒச்சப்பன் நெனைச்சான், காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கும்னு. மறுநா போனான், சத்தமில்லாம விட்டான். மாயழகும் விட்டான். ஒச்சப்பனுக்குச் சந்தேகம் தட்டுச்சு. அடுத்த நாளும் போனான், வாயைப் பெருசா தொறந்தான், மூச்சுச் சத்தம்கூட வெளியே வரலை. மாயழகு பல்லைக் கடிச்சுப் பாத்தான், மூக்கு விடைச்சுச்சு, கண்ணுல தண்ணி கோத்துச்சு, கடைசியில வாயி தானா தொறந்துருச்சு.

ஒச்சப்பன் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா ராசாகிட்ட ஓடினான்.

“ராசா, ராசா, மாயழகுக்குக் கண்ணு தெரியும்.”

“எப்படிடா சொல்றே?”

“என் கொட்டாவி அவனுக்கு ஒட்டுது ராசா.”

ராசா சிரிச்சுட்டாரு. “அது என்ன சொறியா செரங்கா, ஒட்டுறதுக்கு?”

“அதைவிட வேகமா ஒட்டும். நாளைக்குச் சபையைக் கூட்டுங்க, காத்தாயியையும் மாயழகையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க. எதுக்குன்னு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். நான் சொல்றது பொய்யின்னா என்னை ஊரை விட்டே வெரட்டிருங்க. ஆனா மெய்யின்னா, காத்தாயி கைக்குப் படி திரும்பி வரணும்.”

“கொட்டாவி அவமரியாதைடா. அதுக்கா சபை கூட்டுறது?”

“அவமரியாதையா இல்லையான்னு உங்க வாயே நாளைக்குச் சொல்லும் ராசா”ன்னுட்டு அவன் போயிட்டான்.

மறுநா சபை கூடுச்சு. அமைச்சரு, காவக்காரங்க, ஊரு சனம், எல்லாரும் வந்தாச்சு. ஒரு பக்கம் காத்தாயி, மடியில புள்ளை. பக்கத்துல மாயழகு, கண்ணைச் சொருகிக்கிட்டு. ரெண்டு பேரு முன்னாலயும் ஒரு படி. ராசா, “யாரும் பேசக் கூடாது. ரெண்டு பேரும் கம்பை அளங்க, எவரு கை சுத்தம்னு நான் பாக்குறேன்”ன்னாரு.

ஒச்சப்பன் நடுவுல வந்து நின்னான். வாயைத் தொறந்தான். தொறந்தான், தொறந்தான், தொறந்துக்கிட்டே போனான், உள்நாக்கு தெரியுற வரைக்கும். ஆனா ஒரு சத்தம் இல்லை.

மொதல்ல காவக்காரனுக்கு வந்துச்சு. அடக்கிப் பாத்தான், முடியலை. அவனைப் பாத்து அமைச்சரு விட்டாரு. அமைச்சரைப் பாத்துச் சனம் விட்டுச்சு, ராசாவுக்குப் பயந்து எல்லாரும் சத்தமில்லாமத்தான். வாசல்ல படுத்திருந்த வேட்டைநாயிகூட எந்திரிச்சு ஒண்ணு விட்டுட்டுப் படுத்துச்சு. ராசா பல்லைக் கடிச்சாரு, சிம்மாசனத்தை இறுக்கிப் பிடிச்சாரு, ம்ஹும், அவரு வாயும் சத்தமில்லாம தொறந்துருச்சு! காத்தாயி பாட்டுக்கு அளந்துக்கிட்டு இருக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்லை. மடியில இருக்குற புள்ளைக்கும் ஒண்ணும் இல்லை. மாயழகுக்கு மூக்கு விடைச்சுச்சு, கண்ணு கலங்குச்சு, வாயி பொளந்துச்சு, கையி தானா மேல வந்து சொடக்கும் போட்டுருச்சு.

“பிடிங்கடா அவனை!”ன்னாரு ராசா.

மாயழகு லேசுப்பட்டவனா? “ராசா, எனக்கு ராத்திரி தூக்கமில்லை. அசதியில வந்த கொட்டாவி ராசா. கண்ணில்லாதவன் மேல இப்படிப் பழி போடலாமா?”ன்னு ஓன்னு அழுதான்.

ராசாவுக்கு ஒரே கொழப்பம். அப்படியும் இருக்கலாமோ? அப்பதான் காத்தாயி படியைக் கீழ வெச்சா.

“அண்ணே, மாயழகண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் கொட்டாவி விட்டப்ப, கையை வெச்சு வாயை மூடலைன்னு கத்தினீங்களே. நான் மூடலைன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

மாயழகு அழுகை நின்னுபோச்சு. சொருகின கண்ணு கீழ எறங்கி, வாசல் எந்தப் பக்கம்னு தேடுச்சு. காவக்காரங்க கப்புன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

என்ன வடிவு? கொட்டாவி ஏன் வருதுன்னா கேக்குறே? இதேதான் ராசாவும் ஒச்சப்பனைக் கேட்டாரு. அவன் சொன்னான், “உலை கொதிச்சா மூடியைத் தெறந்து விடுறோம்ல ராசா, அப்படித் தலை சூட்டை ஆத்துறதுக்கு வருதோ என்னமோ. தூங்கப் போறப்பவும் வருது, எந்திரிக்கிறப்பவும் வருது. முழுசா எனக்குத் தெரியாது.” இன்னிக்குப் படிச்சவங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்றாங்க, அவங்களுக்கும் முழுசாத் தெரியாதாம். ஒட்டும்கிறது மட்டும் நெசம். வேண்டப்பட்டவங்க விட்டா இன்னும் சீக்கிரமா ஒட்டுமாம்.

ராசா கேட்டாரு, “அப்ப கண்ணு தெரியாதவங்களுக்கு ஒட்டாதா?”

“ஏன் ஒட்டாது? காதால ஒட்டும். இப்பப் பாருங்க”ன்னு ஒச்சப்பன் “ஆ...ஆ...வ்”னு ஊரு கேக்க ஒண்ணு விட்டான். காத்தாயி வாயும் தொறந்துருச்சு.

ராசா யோசிச்சாரு. “அப்படின்னா அன்னிக்குக் களஞ்சியத்துல இவளுக்கு யாருகிட்டேருந்து ஒட்டுச்சு?”

சபையில அத்தனை பேருக்கும் தெரியும். அன்னிக்கு வரிசையில நின்னு கண்ணால பாத்தவங்கதானே! ஒருத்தர் சொல்லலை. காத்தாயிதான் சொன்னா.

“எனக்கு எதிர்ல நின்ன ஆளுகிட்டேருந்து ராசா. யாருன்னு அப்பத் தெரியலை. குதிரை வேர்வையும் வேட்டை ரத்தமும் வாசம் அடிச்சுச்சு. ராத்திரி பூரா கண்ணு முழிச்ச கொட்டாவி. அதைக் கேட்டுத்தான் எனக்கு வந்துச்சு.”

ராசா தலை குனிஞ்சுபோச்சு. நான் விட்ட கொட்டாவிக்கு ஒரு பச்சைப்புள்ளை பாலில்லாம கெடந்துச்சேன்னு அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. சிம்மாசனத்தை விட்டு எறங்கி வந்தாரு, தரையில கெடந்த படியை எடுத்தாரு, காத்தாயி கையில கொடுத்தாரு. “தாயி, தப்பு என் பேர்ல. இந்தத் திருட்டுப்பயலை என்ன செய்யணும்னு நீயே சொல்லு.”

“அடிக்க வேண்டாம் ராசா. கண்ணுதான் நல்லா இருக்கே, அதுக்கு வேலை கொடுங்க. களஞ்சியத்துக் கம்பு பூராவும் ஒரே மண்ணும் கல்லும். ஒக்காந்து பொறுக்கட்டும். அளக்குறதை நான் அளக்குறேன்.”

அப்படியே ஆச்சு. பஞ்சம் தீர்ற வரைக்கும் மாயழகு குனிஞ்ச தலை நிமிராம கல்லுப் பொறுக்கினான். பக்கத்துல காவலுக்கு யாரு? ஒச்சப்பன். அவன் ஒண்ணு விடுவான், இவன் ஒண்ணு விடுவான். சொடக்குப் போடக்கூட இவனுக்குக் கை ஒழியாது.

காத்தாயி படி நெறைஞ்சுச்சு, மாயழகு கண்ணு தொறந்துச்சு, ராசா வாயி மூடுச்சு, நம்ம புளியும் தீந்துச்சு. அடுத்தவன் கொட்டாவி விட்டான்னு கோவிச்சுக்காதீங்க. மொதல்ல விட்டது யாருன்னு பாருங்க.

என்னடா சுருளி, என்னமோ மொனகுறே? சத்தமாச் சொல்லு.

“அத்தை, நீங்க சொளவை எடுத்துக்கிட்டு வர்றப்பவே வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் வந்தீங்க. உங்களைப் பாத்துத்தான் எனக்கு வந்துச்சு. என்னையப் போயி வைஞ்சீங்க.”

... வாயைப் பாரு, வாயை! சரிடா, நான்தான். இந்தா, உனக்கு ஒரு சொளைப் புளி கூட. போங்க, போயிக் கையைக் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்.