கழுத்து உட்கார்ந்த பள்ளம்

தூத்துக்குடியில் ரெஜினா கிடார் செய்பவள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் சவேரிமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் பட்டறைக்குள் வந்துவிட்டால் அவர் சீடர், அவள் குரு.

அவர் செய்துகொண்டிருந்த முதல் கிடார் மனைவி பாஸ்கலினுக்கு. கல்யாணத்துக்கு முன் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தவள். பிள்ளைகள் பிறந்தபின் விட்டுவிட்டாள். மறுபடி வாசிக்க ஆசை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்கே அவர் பட்டறைக்கு வந்துவிட்டார்.

கிடாரின் உடலும், கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தும் தயார். உடலில் வெட்டிய பள்ளத்துக்குள் கழுத்தின் அடி போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தது; ஆனால் ஒரு ஓரத்தில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. அங்கே மெல்லிய மரச்சீவல் வைத்து ஒட்டினார். இடைவெளி வேறு ஓரத்துக்குப் போனது. அங்கேயும் ஒட்டினார். கழுத்து கோணிக்கொண்டது.

கடைசியில் ரெஜினாவிடம் கொண்டுவந்தார்.

"டீச்சர், இந்த இடைவெளிய எத வச்சு அடைக்கட்டும்?"

ரெஜினா அவர் ஒட்டிய சீவல்களையெல்லாம் உரித்தெடுத்தாள். பள்ளத்துக்குள் நீலச் சாக்பீஸைத் தேய்த்து, கழுத்தை அழுத்தி வெளியே எடுக்கச் சொன்னாள்.

கழுத்தின் அடியில் ஒரே ஒரு மூலையில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. வெளிச்சம் தெரிந்த ஓரத்துக்கு நேர் எதிர் மூலை.

"இடிக்கிறது இங்க, அண்ணாச்சி" என்று உளியை நீட்டினாள்.

அவருக்குக் கை வரவில்லை. அடைப்பதென்றால் பயமில்லை, சரியில்லாவிட்டால் எடுத்துவிடலாம். சீவியதை எப்படித் திரும்ப வைப்பது என்று கேட்டார்.

"நீலம் பட்ட எடத்த மட்டும் சீவுங்க. மத்தத தொடாதீங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினார். மறுபடி சாக்பீஸ், மறுபடி உளி. மத்தியானச் சாப்பாடே மறந்துபோயிற்று. சாயங்காலம் அழுத்தி எடுத்தபோது நீலம் அடி முழுக்கச் சமமாகப் படிந்திருந்தது. திரும்பப் பொருத்தினார். வெளிச்சம் எங்குமில்லை.

ரெஜினா கழுத்தைப் பிடித்துக் கிடாரைத் தூக்கினாள். பசை தடவவில்லை, ஸ்க்ரூவும் இன்னும் முடுக்கவில்லை. சவேரிமுத்து பதறிப்போய் இரண்டு கைகளையும் கீழே ஏந்தினார். உடல் விழவில்லை. கழுத்தோடு அப்படியே தொங்கியது.

ஏந்திய கைகளை எடுக்காமலே அவர் சிரித்தார்.

"இவ்வளவு கெட்டியா பிடிக்குதே டீச்சர். அப்புறம் ஸ்க்ரூ எதுக்கு?"

"கம்பி இழுக்கும்போது பிரியாம இருக்கத்தான் அண்ணாச்சி. சேத்து வைக்கிறது ஸ்க்ரூவோட வேல இல்ல."