முன்வரிசையில் ஓர் இடம்

அந்தக் காலத்தில், ஆடு மாடெல்லாம் மனுசரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ஊர்மன்றம் என்று ஒன்று எங்குமே கிடையாது. கூத்தோ கூட்டமோ, எல்லாம் வெட்டவெளியில்தான். பாதிக் கூத்தில் மழை பிடித்துக்கொண்டால் ராசா வேசக்காரரே கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

இது சரிப்படாது என்று வேப்பங்குளத்தார் ஒரு மன்றம் கட்டக் கிளம்பினார்கள். வேலையை முன்னின்று நடத்தினவள் செங்கமலம். கல், மண், சுண்ணாம்பு அத்தனையும் சுமந்தது அவள் தோழி கழுதை. கூலி என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"அக்கா, திறப்பு விழா அன்னிக்கு முன்வரிசையில எனக்கு ஓர் இடம் வேணும். உக்காந்து ஒரு கூத்தை முழுசாப் பாக்கணும்."

"அடி போடி! உனக்கு இல்லாத இடமா?"

விழா நாளில் கழுதை குளத்தில் முங்கிக் குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, எல்லாருக்கும் முந்தி வந்து முன்வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"யாருடி இது, கல்யாணப் பொண்ணா?" என்று தோரணத்து மாவிலையை மென்றபடி வெள்ளாடு கேலி செய்தது.

"உனக்கென்ன, தோரணம் மிஞ்சினா போதும். நான் தூக்கின கல்லு எப்படி நிக்குதுன்னு நான் பாக்க வேணாமா?" என்று கழுதை காதை ஆட்டிச் சிரித்தது.

கூத்து தொடங்கும் நேரம், பக்கத்து ஊர் யானையார் தம் ஆட்களோடு வந்து இறங்கினார். செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விருந்தாளியை நிற்க வைக்க முடியுமா? முன்வரிசையைப் பார்த்தாள். காளையை எழுப்பினால் முட்டும். குதிரையை எழுப்பினால் கோபித்துக்கொண்டு போய்விடும். கழுதை நம்ம ஆள்தானே, தப்பாக நினைக்காது.

குனிந்து அதன் காதோரம் சொன்னாள்: "கொஞ்சம் பின்னால போய் உக்காரேன். நீ நம்ம வீட்டுப் பிள்ளை."

கழுதை அவளை ஒருமுறை பார்த்தது. எழுந்தது. இரண்டாம் வரிசையில் கொக்கு, "இங்க ஆள் வருது" என்றது. அதற்கடுத்த வரிசையிலும் ஆள் வந்தது. அதற்கும் பின்னால் போனது. வாசல்வரைக்கும் போய்விட்டது. செங்கமலம் அதைப் பார்த்தாள். கையில் பன்னீர்ச் செம்பு, எதிரே யானையார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

யானையாரோ இரண்டு சீப்பு வாழைப்பழம் தின்றார், "வேற ஊருக்கும் போகணும்" என்று எழுந்தார், தம் ஆட்களோடு போயே போய்விட்டார். செங்கமலம் வாசலுக்கு ஓடினாள். கழுதையைக் காணோம்.

மறுநாள், ஊருக்கு வெளியே ஒரு குட்டிச்சுவரோரம் நின்றிருந்தது.

"வாடி, இன்னிக்கும் கூத்து இருக்கு. உன் இடம் அப்படியே கிடக்கு."

"வேணாம் அக்கா. இங்க நின்னா யாரும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது செங்கமலத்துக்குத் தேவலை. அது சும்மா, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னது.

அன்றைய கூத்தில் முன்வரிசைப் பக்கம் அவள் ஒருவரையும் விடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கூத்துக்கும் அப்படித்தான். விசயம் தெரிந்தபின், விட்டாலும் அங்கே உட்கார யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று முதல்தான் கழுதை குட்டிச்சுவரோரம் போய் நிற்கிறது. எந்த ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டு, "முன்னால வந்து உக்காருங்க" என்று எத்தனை தரம் கெஞ்சினாலும், முதல் வரிசை காலியாகவே கிடக்கிறது.